இன்ஜின் உள்ள அடி வாங்கிருக்கான்னு நீங்களே கண்டுபிடிக்கறது எப்படி: காலை முதல் ஸ்டார்ட்ல இருந்து கம்ப்ரஷன் டெஸ்ட் வரைக்கும்

சில வருஷம் முன்னாடி ஒரு லாங் டிரைவ்ல என் கார் டெம்பரேச்சர் முள்ளு மெல்ல மேல ஏறிட்டே போச்சு. ஓரங்கட்டலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருக்கும்போதே அதுவா சடார்னு கீழ இறங்கிடுச்சு. அப்பாடா சரியாயிடுச்சுன்னு நினைச்சு இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டேன். உண்மைல நடந்தது என்னன்னா, கூலன்ட் (இன்ஜினை குளிர வைக்கற தண்ணி) மொத்தமும் வெளிய போயிருச்சு. அந்த சென்சார் தண்ணிக்குள்ள முங்கி இருந்தாதான் சரியான சூட்டை சொல்லும், தண்ணி போனதுக்கப்புறம் வெறும் காத்தை அளந்துட்டு இருந்திருக்கு. முள்ளு இறங்கின அந்த நேரத்துலதான் இன்ஜின் உள்ள வெந்துட்டு இருந்துச்சு. சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி இருக்கற ஹெட் வளைஞ்சு, அதுக்கு அடில அடைப்பா இருக்கற கேஸ்கெட் போய், இன்ஜினை பிரிக்கற அளவுக்கு வேலை வந்துருச்சு.

அதுக்கப்புறம்தான் இதையெல்லாம் உக்காந்து கத்துக்கிட்டேன். இதுல நான் புரிஞ்சுக்கிட்ட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. என்ன சத்தம், என்ன புகைங்கறதை விட அது எப்ப வருதுங்கறதுதான் பாதி பதிலை சொல்லிடும். இன்ஜின் பச்சையா (இன்னும் சூடாகாம) இருக்கும்போதா சூடானதுக்கப்புறமா, ஐட்லிங்லயா லோடு ஏறும்போதா, ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதா விடும்போதா. கீழ சொல்ற ஒவ்வொரு ஸ்டெப்லயும் இதை மனசுல வச்சுக்கோங்க, முடிஞ்சா போன்ல குறிச்சு வைங்க, சத்தமா இருந்தா ரெக்கார்ட் பண்ணிக்கோங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி: உடனே நிறுத்த வேண்டிய நேரம்

மூணே மூணு விஷயத்துக்கு டெஸ்ட் எல்லாம் கிடையாது, ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணிடணும்.

சிவப்பு கலர்ல எண்ணெய் கேன் மாதிரி லைட் எரிஞ்சா அது ஆயில் பிரஷர் போயிடுச்சுன்னு அர்த்தம். பிஸ்டன் மேல கீழ போறதை சுத்தலா மாத்தற கிராங்குக்கும் அதை தாங்கற பேரிங்குக்கும் நடுவுல இருக்கற ஆயில் படலம் தலைமுடியை விட பல மடங்கு மெல்லிசு, இன்ஜினை மொத்தமா காப்பாத்தறதே அந்த படலம்தான். சும்மா ஐட்லிங்லயே 800 ஆர்பிஎம்னு வச்சுக்கிட்டா கூட கிராங்க் ஒரு செகண்டுக்கு 13 தடவை சுத்துது, அப்ப பிரஷர் இல்லாம ஒரு நிமிஷம் ஓட்டினா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கோங்க. அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்னு நினைக்காதீங்க. நிறுத்தி லெவல் பாருங்க, கம்மியா இருந்தா ஊத்துங்க, ஊத்தியும் லைட் அணையலைன்னா வண்டியை கட்டி இழுத்துட்டு போறதுதான் வழி. சில வண்டில இதே படம் மஞ்சள் கலர்ல வரும், அது பெரும்பாலும் லெவல் கம்மின்னு சொல்றது, அவ்வளவு அவசரம் இல்ல.

ரெண்டாவது டெம்பரேச்சர் சிவப்புக்கு போறது, இல்லைன்னா எனக்கு ஆன மாதிரி ஏறிட்டு திடீர்னு விழறது. ஆஃப் பண்ணிட்டு குறைஞ்சது முக்கால் மணி நேரமாவது விடுங்க, ரேடியேட்டர் மூடி பக்கம் கையே போகக்கூடாது. அந்த மூடி உள்ள பிரஷரை பிடிச்சு வச்சிருக்கறதாலதான் 100 டிகிரி தாண்டியும் கூலன்ட் கொதிக்காம இருக்கு, திறந்த நொடியில மொத்தமும் பொங்கி மூஞ்சில அடிக்கும். சூடா இருக்கற இன்ஜின்ல பச்சைத்தண்ணி ஊத்தறதும் கூடாது, ஹெட்ல விரிசல் விழும்.

மூணாவது, செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னறது. நிலையா எரிஞ்சா மெதுவா கராஜ் வரைக்கும் போகலாம். மின்னினா ஏதோ ஒரு சிலிண்டர் எரியாம மிஸ் ஆகி எரியாத பெட்ரோல் அப்படியே எக்ஸாஸ்ட்டுக்கு போகுதுன்னு அர்த்தம், அது புகையை சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள போய் எரிஞ்சு அந்த தேன்கூடு மாதிரி இருக்கற பாகத்தையே உருக்கிடும். பிளக்குக்கு பொறி கொடுக்கற ஒரு இக்னிஷன் காயில் மாத்தினா முடியற வேலை கன்வர்ட்டர் மாத்தற செலவுல வந்து நிக்கும்.

ஸ்டெப் 1: ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி

ராத்திரி முழுக்க நின்ன வண்டியா இருக்கணும். பழைய வண்டி வாங்க போறீங்கன்னா போனதும் முதல்ல பேனட்டை திறந்து இன்ஜினை கையால தொட்டு பாருங்க, சூடா இருந்தா ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க, கோல்ட் ஸ்டார்ட்ல வரவேண்டிய சத்தமும் புகையும் போயிருக்கும், இன்னொரு நாள் வரேன்னு சொல்லிட்டு கிளம்பிடுங்க.

டிப்ஸ்டிக்கை (ஆயில் அளக்கற குச்சி) எடுத்து துடைச்சு மறுபடி விட்டு எடுங்க. லெவல் மட்டும் பாத்துட்டு வச்சிடாதீங்க, ரெண்டு விரல் நடுவுல வச்சு தேய்ச்சு பாருங்க, மோந்து பாருங்க. டீசல் இன்ஜின்ல ஆயில் மாத்தின கொஞ்ச நாள்லயே கருப்பாகிடும், அது நார்மல். பெட்ரோல் வாசமோ டீசல் வாசமோ தூக்கலா வந்தா எரிபொருள் ஆயில்ல கலக்குது. முக்கியமா ஒண்ணு, லெவல் குறைஞ்சா எல்லாரும் பயப்படுவாங்க, ஏறினா யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆனா தானா ஆயில் ஏற வழியே இல்ல, உள்ள வேற ஏதோ வருது, ஒண்ணு கூலன்ட் இல்லைன்னா எரிபொருள். டிபிஎஃப் (புகைல வர்ற கரியை பிடிக்கற ஃபில்டர்) இருக்கற டீசல் வண்டியை எப்பவும் குட்டி குட்டி தூரமே ஓட்டினா, அந்த ஃபில்டர் தன்னை சுத்தம் பண்ணிக்கறதுக்காக கூடுதலா அடிக்கற டீசல், அந்த சுத்தம் பாதில நின்னு போறதால, சம்ப்புக்கு (அடில ஆயில் நிக்கற தொட்டி) இறங்கிடும், ஆயில் தண்ணி மாதிரி ஆகி பேரிங்கை தின்னுடும்.

ஆயில் பால் கலந்த காப்பி கலர்ல இருந்தா கூலன்ட் கலந்திருக்குன்னு சொல்வாங்க, அது சரிதான், ஆனா எங்க பாக்கறோம்னு இருக்கு. ஆயில் ஊத்தற மூடிக்கு அடில மட்டும் லேசா வெள்ளைப்பசை இருந்தா உடனே ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க, குளிர்ல கொஞ்ச தூரமே ஓடற வண்டில ஆவி படிஞ்சு அப்படி ஆகும், ஒரு நாள் நல்லா சூடாக ஓட்டினா பெரும்பாலும் போயிடும். டிப்ஸ்டிக்லயே ஆயில் முழுக்க அந்த கலர்னா வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வேணாம்.

அப்புறம் கூலன்ட் டப்பா. லெவல் அடிக்கடி குறையுது, ஆனா வெளிய எங்கயும் ஒழுகலைன்னா அது சிலிண்டருக்குள்ள போய் எரியுதுன்னு சந்தேகப்படணும். மேல எண்ணெய் மிதந்தா ஹெட் கேஸ்கெட்டா இருக்கலாம், ஆயில் கூலர் உள்ள ஓட்டையாவும் இருக்கலாம். அதனால ஆயில் கூலரை செக் பண்ணாம ஹெட்டை கழட்ட சம்மதிக்காதீங்க.

ஸ்டெப் 2: செல்ஃப் அடிக்கும்போது காது கொடுங்க

செல்ஃப் அடிக்கும்போது சத்தம் ஒரே தாளத்துல வரணும். வேகமா ஒரு தடவை, இழுத்து ஒரு தடவைன்னு மாறி மாறி வந்தா ஏதோ ஒரு சிலிண்டர்ல கம்ப்ரஷன் (பிஸ்டன் அமுக்கும்போது உள்ள வர்ற அழுத்தம்) கம்மி. ஸ்டார்ட்டே ஆகாம தடையே இல்லாத மாதிரி விர்ருன்னு லேசா சுத்துச்சுன்னா வால்வை பிஸ்டனோட தாளத்துக்கு ஓட்டற டைமிங் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம், அதுக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க, நிறைய இன்ஜின்ல பெல்ட் போனா பிஸ்டன் போய் வால்வுல இடிக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் ரெண்டு மூணு செகண்ட் கடகடன்னு சங்கிலி சத்தம் வந்து நின்னா டைமிங் செயின் தளர்ந்திருக்கு, இல்லைன்னா அதை இறுக்கி பிடிக்கற டென்ஷனர் ஆயிலை பிடிச்சு வைக்கல. இன்னைக்கு ரெண்டு செகண்ட் வரும், ஆறு மாசத்துல அஞ்சு செகண்ட் ஆகும், ஒரு நாள் செயின் பல்லு தாண்டிடும். பச்சையா இருக்கும்போது மட்டும் டொக் டொக்னு வந்து சூடானதும் போற சத்தம் பெரும்பாலும் பிஸ்டன் ஆடறது. அலுமினியம் சூட்டுல இரும்பை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால சூடானதும் பிஸ்டனுக்கும் அது ஓடற சிலிண்டர் சுவத்துக்கும் இடைவெளி குறைஞ்சு சத்தம் அடங்குது. இதோட பல இன்ஜின் வருஷக்கணக்கா ஓடும், கவனிச்சுட்டே இருந்தா போதும்.

இங்க ஏமாத்தற சத்தம் ஒண்ணு இருக்கு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் லீக் ஆனாலும் டிக் டிக்னு வால்வை தள்ளற டப்பெட் மாதிரியே கேக்கும், அதுவும் இரும்பு விரிஞ்சதும் குறையும். இதை டப்பெட்னு நினைச்சு அட்ஜஸ்ட் பண்ணிட்டே இருப்பாங்க, சத்தம் மட்டும் போகாது. மேனிஃபோல்டு ஓரத்துல கரி படிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சு பாத்தா தெரிஞ்சிடும்.

இன்னொரு சின்ன டெஸ்ட், காசே இல்லாதது. கோல்ட் ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துல ரேடியேட்டர் மேல் ஹோஸை அமுக்கி பாருங்க. தண்ணி இன்னும் சூடாகவே இல்ல, ஆனா ஹோஸ் கல்லு மாதிரி இறுகிடுச்சுன்னா அந்த பிரஷர் சிலிண்டர்ல இருந்து கூலன்ட்டுக்குள்ள வருது. ஃபேன்ல, பெல்ட்ல கை படாம பாத்துக்கோங்க.

ஸ்டெப் 3: புகை

வெள்ளைப்புகை: காலைல சைலன்சர்ல வெள்ளையா வந்து கொஞ்ச நேரத்துல மறைஞ்சா அது வெறும் ஆவி, தண்ணி சொட்டறதும் நார்மல். இன்ஜின் நல்லா சூடானதுக்கப்புறமும் அடர்த்தியா வந்துட்டே இருந்து, லேசா இனிப்பு வாசம் அடிச்சா கூலன்ட் எரியுது. டீசல்ல மட்டும் இன்ஜெக்டர் சரியா அடிக்கலைன்னாலும் வெள்ளையா வரும், அப்ப கண்ணு எரியற மாதிரி பச்சை டீசல் நாத்தம் இருக்கும்.

நீலப்புகைன்னா ஆயில் எரியுது. எங்க இருந்து போகுதுன்னு புகை வர்ற நேரமே காட்டிக்கொடுத்துடும். காலைல ஸ்டார்ட் பண்ணதும் ஒரு பஃப் வந்து நின்னா வால்வ் சீல் (வால்வ் தண்டு வழியா ஆயில் இறங்காம தடுக்கறது), ராத்திரி முழுக்க சொட்டு சொட்டா இறங்கின ஆயில் அது. சரிவுல ஆக்சிலேட்டரை விட்டுட்டு இறங்கி, கீழ வந்து மறுபடி மிதிக்கும்போது பின்னாடி நீலமா வந்தாலும் பெட்ரோல் வண்டில பெரும்பாலும் அதே சீலும் வால்வ் கைடும்தான், ஆக்சிலேட்டர் விட்டப்ப உண்டாகற வாக்யூம் (வெற்றிடம்) ஆயிலை உறிஞ்சி உள்ள இழுக்குது. ஆனா அழுத்தி மிதிக்க மிதிக்க, லோடு ஏற ஏற நீலமா வந்துட்டே இருந்தா பிஸ்டனை சுத்தி இருக்கற ரிங் போயிடுச்சு. வால்வ் சீல்னா ஹெட் பக்கத்தோட முடியும், ரிங்னா இன்ஜினை இறக்கணும், ரெண்டும் ஒரே கலர் புகைதான், அதனாலதான் எப்ப வருதுன்னு பாருங்கன்னு திரும்ப திரும்ப சொல்றேன்.

டர்போ வண்டில டர்போ சீல் போனாலும் நீலப்புகை வரும். டர்போல இருந்து இன்ஜினுக்கு காத்து போற இன்டர்கூலர் பைப்பை கழட்டி பாத்தா உள்ள லேசா ஆயில் ஈரம் இருக்கறது சாதாரணம், ஊத்தினா கொட்டற அளவு இருந்தா சாதாரணம் இல்ல. டீசல் டர்போல இதை விட்டுட்டே போனா இன்ஜின் தன்னோட ஆயிலையே எரிபொருளா எடுத்துக்கிட்டு தானா ரேஸ் ஆகி சாவியை எடுத்தாலும் நிக்காம ஓடும். அந்த மாதிரி ஆச்சுன்னா மேனுவல் கியர் வண்டில பிரேக்கை முழுசா மிதிச்சுட்டு டாப் கியர் போட்டு கிளட்சை விட்டு இன்ஜினை அடைக்கணும். முடியலைன்னா இறங்கி தள்ளி போயிடுங்க, அந்த வேகத்துல பாகங்கள் வெடிச்சு வரலாம்.

கரும்புகைக்கு அவ்வளவு பதற வேணாம். எரிபொருள் அதிகமாவோ காத்து கம்மியாவோ போகுது, ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், சென்சார்னு வெளில இருந்தே பாக்கற வேலைதான் பெரும்பாலும். ஆனா பெட்ரோல் வண்டில மாசக்கணக்கா விட்டா எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்கற ஆயிலை கழுவிடும், அங்கிருந்து ரிங் தேய ஆரம்பிக்கும்.

ஸ்டெப் 4: ஓட்டி பாருங்க, லோடு கொடுங்க

சும்மா நிக்க வச்சு ரேஸ் பண்ணா நிறைய விஷயம் தெரியாது. ஒரு மேடு ஏத்துங்க. கொஞ்சம் பெரிய கியர்லயே வச்சு மிதிக்கும்போது தகரத்துல கூழாங்கல்லு சிதறின மாதிரி கிணுகிணுன்னு சத்தம் வந்தா அது நாக்கிங், கலவை தன்னிஷ்டத்துக்கு வெடிக்குது. ஆக்டேன் கம்மியான பெட்ரோல், உள்ள கரி, டைமிங், ஓவர்ஹீட்னு காரணம் பல இருக்கு. எப்பவாவது வந்தா பரவால்ல, தினமும் வந்தா பிஸ்டன்ல ரிங் உக்கார்ற இடமே உடைஞ்சு போகும்.

இன்னொண்ணுதான் எல்லாரும் பயப்பட வேண்டிய சத்தம், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கற கனெக்டிங் ராடோட பேரிங். கனமா, ஆழமா, சுத்தியலால அடிக்கற மாதிரி டொம் டொம்னு ஆர்பிஎம் கூடவே வேகமாகும். பிஸ்டன் ஆட்டத்துக்கு நேர் எதிர் இது, சூடாகி ஆயில் இளகினதும் அதிகமாகும், சுமார் 2000 ஆர்பிஎம்ல ஆக்சிலேட்டரை விட்டு விட்டு மிதிச்சா தெளிவா கேக்கும். மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டரா இன்ஜெக்டர் கனெக்டரை கழட்டி பாப்பாரு, எதை கழட்டினதும் சத்தம் குறையுதோ அந்த சிலிண்டர் ராடுதான். இந்த சத்தத்தோட வண்டியை ஓட்டாதீங்க. பேரிங் மட்டும் போன நிலைமைல நிறுத்தினா கிராங்கை கிரைண்டிங் கொடுத்து காப்பாத்தலாம், ஓட்டினா ராடு உடைஞ்சு பிளாக்கையே துளைச்சுட்டு வெளிய வரும்.

பைக் வச்சிருக்கறவங்களுக்கும் இதே கணக்குதான், ஆனா ஏர் கூல்டு பைக்குக்கு டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, ஆயிலும் பலதுல மொத்தமே ஒரு லிட்டர் சுத்திதான், அதுல கால் லிட்டர் எரிஞ்சு போனா கூட பெரிய விஷயம். வாரத்துக்கு ஒரு தடவை லெவல் பாருங்க.

ஸ்டெப் 5: நல்லா சூடானதும் ஐட்லிங்ல விடுங்க

அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து ஐட்லிங்ல நிறுத்துங்க. ஆயில் லைட் லேசா மினுக் மினுக்னு வந்து, ஆக்சிலேட்டர் தொட்டதும் போச்சுன்னா பேரிங் தேய்ஞ்சிருக்கு, இல்ல பம்ப் வீக், இல்ல தப்பான ஆயில், இல்ல சென்சாரே பழுது. வெளிய ஒரு கேஜ் மாட்டி நிஜ பிரஷரை அளந்து பாத்துதான் சொல்ல முடியும். பழைய கணக்கு ஒண்ணு உண்டு, ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) இருக்கணும்னு, உங்க வண்டி மேனுவல்ல இருக்கற அளவுதான் கடைசி முடிவு. சென்சார் மேல பழியை போட்டு அதை மட்டும் மாத்திட்டு போறது ரொம்ப ஆபத்து.

அப்படியே ஆயில் மூடியை திறந்து பாருங்க. கொஞ்சம் காத்து வர்றது எல்லா இன்ஜின்லயும் இருக்கும், டீசல்ல இன்னும் கொஞ்சம் கூட இருக்கும், சில பெட்ரோல் வண்டி மூடியை திறந்ததும் ஐட்லிங்கே ஆடும், அதெல்லாம் தப்பில்ல. பஃப் பஃப்னு தாளமா, புகையோட அடிச்சு வந்தா ரிங்கை தாண்டி கேஸ் கீழ இறங்குது.

ஸ்டெப் 6: ஸ்கேனர்

வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான தப்பை படிக்கற ஓபிடி ஸ்கேனர் சின்னதா ஒண்ணு வாங்கி வச்சுக்கறது நல்லது. அதுல வர்ற எரர் கோடை (code) அழிக்கறதுக்கு முன்னாடி எழுதி வைங்க, அதோட சேந்து பதிவான ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலையும் எடுங்க, தப்பு நடந்தப்ப சூடு எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, லோடு எவ்வளவுன்னு அதுல இருக்கும். பி0300ன்னா எந்த சிலிண்டர்னு சொல்ல முடியாத மிஸ், பி0301ன்னா முதல் சிலிண்டர், பி0302ன்னா ரெண்டாவது, இப்படி போகும். பி0301 வந்துச்சுன்னா முதல் சிலிண்டர் காயிலை மூணாவதுக்கு மாத்தி போட்டு ஓட்டி பாருங்க. கோடு பி0303 ஆச்சுன்னா காயில்தான் குத்தவாளி, விஷயம் முடிஞ்சது. பி0301லயே நின்னா ஸ்பார்க் பிளக், அப்புறம் இன்ஜெக்டர், அதுக்கும் அசையலைன்னாதான் கம்ப்ரஷன். இந்த வரிசையை தாண்டி நேரா இன்ஜினை பிரிக்கலாம்னு யாராவது சொன்னா ஏன்னு கேளுங்க.

பிளக்கை கழட்டும்போது அதையும் பாருங்க. வெளிர் பழுப்புன்னா ஆரோக்கியம், ஆயில் ஈரம்னா ரிங்கோ சீலோ, ஒண்ணு மட்டும் கழுவி வச்ச மாதிரி பளிச்சுன்னு இருந்தா அந்த சிலிண்டருக்குள்ள கூலன்ட் போகுது.

ஸ்டெப் 7: கம்ப்ரஷன், லீக் டவுன்

இன்ஜின் சூடா இருக்கணும், எல்லா பிளக்கும் கழட்டி, இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் துண்டிச்சு, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு வச்சு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கை செல்ஃப் அடிக்கணும், அஞ்சாறு ஸ்ட்ரோக் போதும். பெட்ரோல் இன்ஜின்ல சாதாரணமா 120ல இருந்து 180 பிஎஸ்ஐ வரைக்கும் வரும், டீசல்ல 350க்கு மேல, அதுக்கு தனி கேஜ் வேணும். மொத்த நம்பரை விட சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம்தான் முக்கியம், 15 சதவீதத்துக்கு மேல போனா பிரச்சனை. பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேந்து கம்மியா இருந்தா நடுவுல கேஸ்கெட் போயிருக்கு. பெட்ரோல் இன்ஜின்ல கம்மியா இருக்கற சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க, நம்பர் ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வு இல்ல கேஸ்கெட்.

லீக் டவுன் இன்னும் தெளிவு. பிஸ்டனை மேல கொண்டு வந்து நிறுத்தி காத்து ஏத்துவாங்க, எங்க இருந்து உஸ்ஸுன்னு வருதுன்னு கேக்கணும். ஆயில் மூடிலன்னா ரிங், சைலன்சர்லன்னா எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம்னா இன்டேக் வால்வு, ரேடியேட்டர்ல குமிழி வந்தா கேஸ்கெட் இல்ல விரிசல்.

தண்ணில முங்கின வண்டிக்கு தனியா ஒண்ணு

வெள்ளத்துல நின்னு போச்சுன்னா செல்ஃப் அடிக்கவே கூடாது. தண்ணியை அமுக்க முடியாது, சிலிண்டர்ல தண்ணி இருக்கும்போது பிஸ்டன் மேல வந்தா ராடுதான் வளையும், டீசல்ல மேல இருக்கற இடம் ரொம்ப சின்னதுங்கறதால கொஞ்சம் தண்ணியே போதும். பேட்டரி கனெக்‌ஷன் எடுத்துட்டு வண்டியை இழுத்துட்டு போய், பிளக்கோ இன்ஜெக்டரோ கழட்டி தண்ணியை வெளியேத்தி, ஆயில் மாத்தி, கையால கிராங்கை சுத்தி பாத்துட்டுதான் ஸ்டார்ட் பண்ணணும். அதுக்கப்புறம் நல்லா ஓடினாலும் கம்ப்ரஷன் ஒரு தடவை பாத்துடுங்க, லேசா வளைஞ்ச ராடு மாசக்கணக்கா ஓடிட்டு அப்புறம் உடையும்.

ஸ்டெப் 8: பிரிக்கறதுன்னு முடிவான பிறகு

பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ள இருக்கற மடிப்பு பேப்பரை விரிச்சு பாக்க சொல்லுங்க. மினுமினுன்னு துகள் இருந்தா காந்தம் வைங்க, ஒட்டினா இரும்பு, வால்வை திறக்கற கேம், செயின், ரிங் பக்கம் பாக்கணும். ஒட்டாம வெள்ளையா இருந்தா பெரும்பாலும் அலுமினியம், பிஸ்டனா இருக்கலாம், பேரிங்கோட மேல் பூச்சாவும் இருக்கலாம். செம்பு கலர்ல இருந்தா பேரிங் மேல் பூச்சு தேய்ஞ்சு அடுத்த அடுக்கு வரைக்கும் வந்துருச்சு.

ஓவர்ஹீட் ஆகி ஹெட் இறங்குதுன்னா வெறும் கேஸ்கெட் மட்டும் மாத்த விடாதீங்க. எனக்கு முதல் தடவை அதுதான் நடந்துச்சு, அவசரத்துல புது கேஸ்கெட் போட்டு மூடி கொடுத்தாங்க, ரெண்டே மாசத்துல மறுபடி கூலன்ட் குறைய ஆரம்பிச்சுது. ரெண்டாவது தடவை வேற கராஜ்ல என்னை பக்கத்துல நிக்க வச்சு ஹெட் மேல நேர் பட்டையை குறுக்க வச்சு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) விட்டு பாத்தாங்க. மேனுவல்ல சொன்ன அளவு மில்லிமீட்டர்ல நூறுல சில பங்குதான், ஆனா நடுவுல ரெண்டு சிலிண்டருக்கு இடைல பட்டைக்கு அடில கண்ணுக்கே வெளிச்சம் தெரிஞ்சுது. விரிசல் டெஸ்ட் பண்ணி, ஃபேஸிங் கொடுத்து (மேல்பரப்பை சீவி சமமாக்கி), புது ஹெட் போல்ட் போட்டு, டார்க் ரெஞ்ச்ல (இறுக்கற அளவை காட்டற ஸ்பேனர்) வரிசையா நடுவுல இருந்து வெளிய டைட் பண்ணாங்க. அந்த கூலன்ட் டப்பால அன்னைக்கு மார்க்கர்ல போட்ட கோடு இன்னும் இருக்கு, லெவல் அதே இடத்துலதான் நிக்குது.